உலோக வால்வு வைத்த 5ஆவது வாரத்தில் எச்பி இறங்குகிறது: இரும்பு மாத்திரை போதுமா, ரத்தம் ஏற்றணுமா?

தாலுகா_சிஸ்டர்

வணக்கம். ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி, உலோக வால்வு வைத்து 5 வாரம் ஆன பெண் ஒருவர் எங்கள் தாலுகா மருத்துவமனைக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) பார்க்க வருகிறார். வயது 34, எடை 48 கிலோ. ஆபரேஷனுக்கு முன் எச்பி (ஹீமோகுளோபின்) 11, டிஸ்சார்ஜ் அன்று 9.4, இப்போது 8.2. ஐஎன்ஆர் 3.1. படுத்திருக்கும்போதே நாடி 104. பிபி 106/70, ஆக்சிஜன் 98, காய்ச்சல் இல்லை. சமதளத்தில் நடக்கிறார், ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

தினமும் ஃபெரஸ் சல்ஃபேட் (இரும்பு மாத்திரை) 2, பான்டோபிரசோல் 1, அசிட்ரோம் (ரத்தம் உறையாமல் இருக்க), மெட்டோபுரோலால், ஆஸ்பிரின் 75 போகிறது. மலம் கறுப்பாகப் போகிறது என்கிறார். வெளியே எடுத்த எக்கோவில் வால்வின் சராசரி கிரேடியன்ட் (வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம்) 9 என்று வந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் எக்கோவில் 5தான். வால்வு அடைத்துக்கொண்டதோ என்று வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறார்கள்.

கேட்க விரும்புவது மூன்று. இந்த நாளில் 8.2 என்பது ஆபரேஷனுக்குப் பின் எல்லோருக்கும் வரும் இறக்கம்தானா? கிரேடியன்ட் ஏறியதற்கு ரத்தசோகையே காரணமாக இருக்குமா? ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றி அனுப்பிவிடலாமா? டாக்டர் எழுதுவதற்கு வசதியாக, என்னென்ன டெஸ்ட் என்பதையும் சொன்னால் நல்லது.

---

பம்ப்_ரூம்

சிஸ்டர், முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். மற்றதை வார்டு டாக்டர்கள் வந்து சொல்வார்கள்.

இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களிலும் ஆக்சிஜனேட்டரிலும் காற்று இல்லாமல் நிரப்ப 1 முதல் 1.5 லிட்டர் வரை திரவம் வேண்டும். 48 கிலோ உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 3.1 லிட்டர். 11 எச்பியோடு அவர் பம்புக்கு வருகிறார், 1.3 லிட்டர் திரவம் கலக்கிறது என்று வையுங்கள். 11 × 3.1 ÷ 4.4, எச்பி 7.7க்கு வந்துவிடும். ஒரு சொட்டு ரத்தம் சிந்துவதற்கு முன்பே இந்த நிலை. 80 கிலோ ஆணுக்கு அதே 1.3 லிட்டர் இவ்வளவு பாதிக்காது. மெலிந்த பெண்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே எச்பியை ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நரம்பு வழி இரும்பு, எரித்ரோபாய்ட்டின், பி12, ஃபோலிக் அமிலம் நான்கையும் கொடுத்ததிலேயே ரத்தம் ஏற்றும் தேவை குறைந்தது. மூன்று நான்கு வாரம் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

பம்பில் கலந்த தண்ணீரைச் சிறுநீரகம் ஒரு வாரத்துக்குள் வெளியேற்றிவிடும். ஐசியூவில் ஏபிஜி (ரத்த வாயு), சர்க்கரை, பொட்டாசியம் என்று எடுத்துக்கொண்டே இருப்பதிலும் கொஞ்சம் ரத்தம் போகும். ட்ரெயினில் போனது தனி. இவை எல்லாம் டிஸ்சார்ஜ் அன்று இருந்த 9.4க்குள் அடங்கிவிட்ட கணக்கு. அதன் பிறகு எச்பி ஏறத்தான் வேண்டும். இரும்புச் சத்து கையிருப்பில் இருப்பவர்களுக்கு 6 முதல் 8 வாரத்தில் பழைய அளவை நெருங்கும். இவருக்கோ 5ஆவது வாரத்துக்குள் 1.2 இறங்கியிருக்கிறது. 8.2 என்ற எண்ணைப் பார்த்து எடை போடாதீர்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு இறங்கியது ஏன் என்று தேடுங்கள். ஆபரேஷன்மேல் பழி போட்டு விட்டுவிடக் கூடாது.

---

இதய_வார்டு

மேலே சொன்னதை முழுதாக ஏற்கிறேன். டிஸ்சார்ஜுக்குப் பின் எச்பி இறங்கினால் மூன்றில் ஒன்றுதான்: ரத்தம் போகிறது, ரத்தம் உடைகிறது, அல்லது ரத்தம் உற்பத்தியாகவில்லை. இரண்டு சேர்ந்தும் இருக்கலாம்.

டெஸ்டுக்கு முன்னால் ஸ்டெத்தை வைத்து, உலோக வால்வின் 'டிக்' சத்தம் கூர்மையாகக் கேட்கிறதா என்று பாருங்கள். வீட்டாரிடமும் கேளுங்கள், ராத்திரி அமைதியில் அவர்களுக்கே கேட்டிருக்கும். சத்தம் மங்கியிருந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, கை கால் வாய் கோணினாலோ அதே நாளில் வால்வு வைத்த மருத்துவமனைக்கு ஏற்றிவிடுங்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சத்தம் தெளிவாக இருக்கிறது என்றால், கிரேடியன்ட் 9க்கு ரத்தசோகை ஒரு நியாயமான காரணம். 1 கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கிறது. எச்பி 13 இருந்தால் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 17 மில்லி. 8.2 என்றால் 11தான். குறைந்ததை ஈடுகட்ட இதயம் ஒரு நிமிடத்தில் கூடுதல் ரத்தத்தைத் தள்ள வேண்டும், அதற்காக நாடியை ஏற்றுகிறது. மைட்ரல் வால்வு திறந்திருப்பதோ இதயம் தளரும் நேரத்தில் மட்டும். நாடி ஏறினால் சுருங்குவது அந்த நேரம்தான். கூடுதல் ரத்தம் குறைந்த நேரத்தில் அதே வாயில் வழியாகப் போகும்போது அழுத்த வித்தியாசம் கூடும். வால்வில் ஒரு பழுதும் இல்லாமலே 5 இருந்தது 8, 9 ஆகும்.

ஆனால் அனுமானத்தில் விடக் கூடாது. எக்கோ எடுத்தவரிடம் இன்னும் மூன்று எண் வாங்குங்கள்: ஈ அலையின் வேகம் (வால்வு திறந்ததும் ரத்தம் பாயும் உச்ச வேகம்), பிரஷர் ஹாஃப் டைம் (அழுத்த வித்தியாசம் பாதியாக ஆகும் நேரம்), மைட்ரல் விடிஐயை எல்விஓடி விடிஐயால் வகுத்த விகிதம் (விடிஐ என்பது ஒரு துடிப்பில் ரத்தம் பாயும் தூரம், எல்விஓடி என்பது இடது கீழறையின் வெளிவாயில்). ரத்த ஓட்டம் கூடியதால்தான் என்றால் ஹாஃப் டைம் 130 மில்லிசெகண்டுக்குள் இருக்கும், விகிதமும் 2.2ஐத் தாண்டாது. அடைப்பு என்றால் ஹாஃப் டைமும் விகிதமும் இரண்டுமே ஏறும். ஹாஃப் டைம் சரியாக இருந்து விகிதம் மட்டும் ஏறினால் கசிவைச் சந்தேகிக்க வேண்டும், குறிப்பாக வால்வின் ஓரத் தையல் வழியாக வரும் கசிவு. மார்பு மேலிருந்து எடுக்கும் எக்கோவில் அது உலோகத்தின் நிழலில் மறைந்துவிடும். உணவுக்குழாய் வழி எக்கோ தேவைப்படும். வால்வின் தகடு அசைகிறதா என்ற சந்தேகத்துக்குக் கேத் லேபில் ஃபுளூரோஸ்கோப்பி (அசைவைக் காட்டும் எக்ஸ்ரே) 2 நிமிட வேலை. எக்கோ ரிப்போர்ட்டில் அப்போதைய நாடி எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். நாடி தெரியாத மைட்ரல் கிரேடியன்டை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

அதே எக்கோவில் இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அசிட்ரோம் போகும் ஆளுக்கு 2ஆவது, 3ஆவது வாரம் தாண்டியும் பெரிகார்டியத்துக்குள் (இதயத்தைச் சுற்றிய உறைக்குள்) மெதுவாக ரத்தம் தேங்கும். எச்பி இறங்கும், நாடி ஏறும், மூச்சு வாங்கும். ரத்தசோகை என்று நினைத்துக்கொண்டு இருக்கையிலேயே டாம்பனேட் (தேங்கிய ரத்தம் இதயத்தை அழுத்துவது) ஆகிவிடும்.

டெஸ்ட்: எம்சிவியோடு (சிவப்பணுவின் சராசரி அளவு) முழு ரத்தப் பரிசோதனை, ரெட்டிகுலோசைட் (புதிதாக வரும் சிவப்பணு), ஸ்மியர் (மைக்ராஸ்கோப்பில் செல்களைப் பார்ப்பது), எல்டிஎச் (செல் உடைந்தால் ஏறும்), நேரடி–மறைமுக பிலிருபின், ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பு), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஓடும் இரும்பு), சிஆர்பி (உடம்பில் வீக்கத்தின் அளவு), கிரியாட்டினின், சிறுநீர். எல்டிஎச்சுக்கு எடுக்கும்போது மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுக்காதீர்கள். குழாயிலேயே செல் உடைந்து எல்டிஎச் பொய்யாக ஏறும், வால்வு கசிகிறது என்று தேவையில்லாத ஓட்டம் ஓடுவோம். கூடவே பொட்டாசியமும் ஏறியிருந்தால் சாம்பிள்தான் கெட்டது என்று சந்தேகித்துத் திரும்ப எடுங்கள். உலோக வால்வு உள்ளவர்களுக்கு எல்டிஎச் லேசாக மேலே இருப்பது வழக்கம். பல மடங்கு ஏறி, மறைமுக பிலிருபினும் ரெட்டிகுலோசைட்டும் கூடி, ஸ்மியரில் உடைந்த செல்கள் தெரிந்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது வால்வில் ரத்தம் உடைவது. காய்ச்சல், ராத்திரி வியர்வை இருந்தால் எண்டோகார்டைட்டிஸைச் (வால்வில் கிருமித் தொற்று) சந்தேகிக்க வேண்டும், பிளட் கல்ச்சர் எடுக்கும்வரை ஆன்டிபயாட்டிக் தொடக் கூடாது. முதலில் 3 செட் பிளட் கல்ச்சர்.

கறுப்பு மலம் பற்றி: இரும்பு மாத்திரையால் வரும் கறுப்பு பச்சை கலந்து இருக்கும், கட்டியாகப் போகும். குடலில் ரத்தம் போனால் தார் மாதிரி ஒட்டும், நாற்றம் தனியாகத் தெரியும், தண்ணீர் ஊற்றினால் செம்மை கலந்து பரவும். அவர் சொல்வதை மட்டும் கேட்டு முடிவெடுக்காமல் மலக்குடலில் விரல் வைத்துப் பார்ப்பதே சரி. அசிட்ரோமும் ஆஸ்பிரினும் சேர்ந்து போகிறது, மறக்க வேண்டாம்.

ரத்தம் ஏற்றுவது: இப்போது வேண்டாம். இதய அறுவை நோயாளிகளில் 7.5ஐ எல்லையாக வைத்தாலும், 9.5ஐ எல்லையாக வைத்து முன்கூட்டியே ஏற்றினாலும் பலனில் வித்தியாசம் இல்லை என்று 2017இல் வந்த டிரிக்ஸ்-3 ஆய்வு காட்டியது. அது ஆபரேஷன் தியேட்டரும் ஐசியூவும் சார்ந்த எல்லை. வெளிநோயாளிக்கு அறிகுறியே முக்கியம். நெஞ்சுவலி, மயக்கம், ஓய்விலேயே மூச்சு, அல்லது 7.5க்குக் கீழ் இறங்கினால் ஒரு யூனிட் பேக்டு செல் (சிவப்பணு மட்டும்) 3 முதல் 4 மணி நேரத்தில் மெதுவாக ஏற்றுங்கள். திரும்ப எண் பார்த்த பிறகே அடுத்தது. பல வருஷம் மைட்ரல் சுருங்கியிருந்த நுரையீரல் அது, வேகமாக ஏற்றினால் நீர் கோத்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 34 வயது, ஐஎன்ஆர் 3.1. மாதவிடாய் பற்றிக் கேட்டீர்களா?

---

தாலுகா_சிஸ்டர்

நன்றி டாக்டர். தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். ஆபரேஷனுக்கு முன் 4 நாள். இப்போது 9 நாள் போகிறது, முதல் 4 நாள் பெரிய பேடு 2 மணி நேரத்தில் நனைகிறது, கட்டிகட்டியாகவும் போகிறதாம். மாமியார் முன்னால் இதைச் சொல்லவில்லை. வயிற்றுவலிக்கு மருந்துக்கடையில் மெஃபனமிக் ஆசிட் வாங்கிப் போட்டிருக்கிறார். போக்கு அதிகமான 2 நாள் அசிட்ரோமையும் தானாக நிறுத்தியிருக்கிறார்.

டெஸ்ட்: எம்சிவி 71, ரெட்டிகுலோசைட் 1.2%, ஸ்மியரில் சிறிய வெளிறிய செல்கள், உடைந்தவை எதுவும் சொல்லவில்லை. எல்டிஎச் 290 (எங்கள் லேப் உச்சம் 250), பிலிருபின் 0.7, ஃபெரிட்டின் 14, சாச்சுரேஷன் 8%, சிஆர்பி நார்மல். விரலில் பார்த்ததில் மலம் பச்சைக் கறுப்பு. வால்வு சத்தம் தெளிவு. எக்கோவில் நீர் இல்லை, நாடி 102இல் ஹாஃப் டைம் 92, விகிதம் 1.9.

---

இதய_வார்டு

அப்படியென்றால் வால்வு நன்றாக இருக்கிறது. ரத்தம் போவதும் இரும்பு தீர்ந்துபோனதும்தான் காரணம். குடும்பத்துக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு விவரத்திலும் என்னைப் பயமுறுத்துவது 8.2 இல்லை, அந்த 2 நாள் அசிட்ரோம் நிறுத்தியதுதான். அசிட்ரோம் உடம்பில் தங்கும் நேரம் குறைவு, விட்டால் ஐஎன்ஆர் சீக்கிரமே விழும். புது மைட்ரல் உலோக வால்வில் முதல் சில மாதங்கள்தான் ரத்தக்கட்டி பிடிக்கும் ஆபத்து அதிகம். ரத்தசோகையை மருந்தால் சரி செய்துவிடலாம், வால்வு அடைத்தால் அது உயிர்ப் பிரச்சினை. எத்தனை பேடு நனைந்தாலும் தானாக நிறுத்தக் கூடாது, அன்றே வந்து ஐஎன்ஆர் பார்க்க வேண்டும் என்று அவருடைய ஐஎன்ஆர் நோட்டிலேயே எழுதிக் கொடுங்கள். இலக்கு 2.5 முதல் 3.5. மெஃபனமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் எதுவும் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் 500, தேவைப்படும்போது மட்டும். அதையும் நாள் கணக்கில் தொடர்ந்து போட்டால் ஐஎன்ஆர் ஏறும். ஆஸ்பிரின் இன்னும் தேவையா என்று அறுவை செய்த டாக்டரிடம் கேளுங்கள், ரத்தம் போகிறவருக்கு அதை நிறுத்தச் சொல்ல வாய்ப்பு இருக்கிறது.

மகப்பேறு டாக்டரிடம் அனுப்புங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இவருக்கு ஆகாது. மருந்துக்கடையில் மாதவிடாயை நிறுத்தக் கொடுக்கும் நோரெத்திஸ்டிரோனையும் டிரானெக்சமிக் ஆசிடையும் இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் பேசி முடிவெடுத்தால் மட்டுமே கொடுக்கலாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் வெளியிடும் கருப்பைச் சாதனம் இந்த மாதிரிப் பெண்களுக்கு நல்ல வழி. ரத்தப்போக்கும் குறையும், கருத்தடையும் ஆகும். அசிட்ரோம் போகும்போது கரு உண்டானால் குழந்தைக்கு ஊனம் வரக்கூடும் என்பதையும் இந்தச் சந்தர்ப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி இரும்பு. அறுவைக்குப் பின் வீக்கம் இருக்கும் வாரங்களில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறிக் குடலின் வாசலை அடைத்துவிடும், மாத்திரை விழுங்கினாலும் உள்ளே போகாது. இவருக்கு சிஆர்பி இப்போது நார்மல், ஆனால் பான்டோபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைக்கிறது, மாதாமாதம் ரத்தமும் போகிறது. மாத்திரையை நம்பிக் காத்திருந்தால் மாதவிடாய் முந்திக்கொள்ளும். நரம்பு வழிதான் சரி. கணக்கு: எடை × எச்பி பற்றாக்குறை × 2.4 + 500. 48 × (13 − 8.2) × 2.4 + 500, சுமார் 1,050 மி.கி.

---

தாலுகா_சிஸ்டர்

எங்கள் ஸ்டாக்கில் அயர்ன் சுக்ரோஸ் இருக்கிறது. இடுப்பில் போடும் இரும்பு ஊசியும் பழைய ஸ்டாக் இருக்கிறது. எது நல்லது?

---

ஊசி_மேசை

இடுப்பு ஊசியைத் தொடவே தொடாதீர்கள் சிஸ்டர். ஐஎன்ஆர் 3இல் தசையில் ஆழமாகப் போட்டால் புட்டத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும், ஏற்கெனவே குறைந்த ரத்தம் அங்கேயும் போய்த் தேங்கும். பி12 குறைந்திருந்தாலும் தசை ஊசி வேண்டாம், மாத்திரையாகவோ தோலடியிலோ கொடுக்கலாம். ருமாட்டிக்குக்காகப் போடும் 3 வாரப் பென்சிலின் பற்றி அவருடைய இதய டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி என்றால் ஐஎன்ஆர் எல்லைக்குள் இருக்கும்போது போட்டு 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அயர்ன் சுக்ரோஸ் 200 மி.கி., 100 மில்லி நார்மல் சலைனில் 30 நிமிடம். டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்தில் 3க்கு மேல் போகாமல் மொத்தம் 5 தடவை, 1,000 மி.கி. ஆகிவிடும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் கிடைத்தால் வேலை சுலபம். ஆனால் 48 கிலோவுக்கு ஒரே மூச்சில் 1,000 கொடுக்காமல், 500ஐ 15 நிமிடத்தில் கொடுத்து ஒரு வாரம் கழித்து இன்னொரு 500 கொடுங்கள். கான்யூலா புதிதாக, பெரிய நரம்பில். வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை மாசக்கணக்கில் போகாது. அசிட்ரோம் போகும் கை என்பதால் எடுத்த பிறகு நன்றாக அழுத்திப் பிடிக்கவும்.

ஏறும்போது முகம் சிவந்து, நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லி, பிபி இறங்காமல், வீக்கமோ இழுப்போ இல்லாமல் இருந்தால் டிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கும். பிறகு பாதி வேகத்தில் தொடரலாம். பழக்கதோஷத்தில் உடனே ஏவில் (அலர்ஜி ஊசி) போட்டுவிடுவோம். அது பிபியை இறக்கித் தூக்கத்தையும் கொடுத்து, சாதாரண விஷயத்தை ஷாக் மாதிரிக் காட்டிவிடும். பிபி உண்மையாகவே விழுந்தால், இழுப்பு வந்தால், அட்ரினலின். முடிந்த பின் 30 நிமிடம் உட்கார வைத்து அனுப்புங்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் இரும்பு ஏற்றக் கூடாது.

ஊசி கோர்ஸ் நடக்கும்போது இரும்பு மாத்திரை தேவையில்லை, நிறுத்திவிடுங்கள். மலம் கறுப்பாவதும் நிற்கும். அதற்குப் பிறகும் கறுப்பாகப் போனால் அது மாத்திரை இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

---

சமையல்_கணக்கு

சாப்பாட்டில் ஒன்றிரண்டு மட்டும். "ரத்தம் ஊற" என்று பீட்ரூட், பேரீச்சை, மாதுளை வாங்கிக் குவிப்பார்கள். 100 கிராம் பேரீச்சையில் இரும்பு 1 மி.கி. சொச்சம்தான். அசைவம் சாப்பிடுவார் என்றால் ஆட்டுச் சுவரொட்டிக்கு ஈடில்லை. அதில் இரும்பு ஈரலைவிடவும் கூடுதல், உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் வகை. வாரம் இருமுறை, நன்றாக வேகவைத்து, உப்பு குறைத்து. சைவம் என்றால் பயறு, கீரையோடு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர வேண்டும். சாப்பிட்டதும் டீ காபி கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி.

முருங்கைக்கீரைதான் வீட்டுக்கு வீடு வரும் சண்டை. அசிட்ரோம் இருப்பதால் அறவே விலக்குகிறவர்களும் உண்டு, எச்பி குறைந்ததும் தினமும் சூப்பு வைத்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. வைட்டமின் கே நிறைந்த கீரை அது. திடீரென்று தினமும் கொடுத்தால் ஐஎன்ஆர் இறங்கும், திடீரென்று நிறுத்தினால் ஏறும். வாரம் இரண்டு நாள், ஒரு கிண்ணம், ஒவ்வொரு வாரமும் அதே அளவு. இந்த அளவுக்கு ஏற்ப மாத்திரை டோஸை டாக்டர் அமைத்துக்கொள்வார். கடையில் விற்கும் சத்து டானிக், லேகியம் எதுவும் கேட்காமல் வேண்டாம்.

---

நடைப்_பயிற்சி

எச்பி 8 சொச்சத்தில், ஓய்வு நாடி 100க்கு மேல் இருக்கும்வரை படி ஏறும் பயிற்சியைத் தள்ளி வையுங்கள். படுக்கையிலேயே கிடக்கவும் விடாதீர்கள். சமதளத்தில் 5 நிமிடம், ஒரு நாளைக்கு 4, 5 தடவை, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். நெஞ்செலும்பு ஒட்டிச் சேர இன்னும் நேரம் வேண்டும், தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. இரும்பு ஏறி நாடி 90க்குக் கீழ் வந்ததும் வாரத்துக்கு வாரம் நேரத்தைக் கூட்டுங்கள். பயிற்சியில் முன்னேற்றம் இல்லை என்றால் நோயாளிக்குச் சோம்பல் என்று எழுதுவதற்கு முன் எச்பியைப் பாருங்கள்.

---

தாலுகா_சிஸ்டர்

அயர்ன் சுக்ரோஸ் நாளை ஆரம்பிக்க டாக்டர் எழுதிவிட்டார், மகப்பேறு ஓபிக்கும் சீட்டு கொடுத்தாயிற்று. திரும்ப எப்போது என்னென்ன பார்ப்பது?

---

இதய_வார்டு

ஐஎன்ஆர் இந்த வாரம் ஒரு தடவை, அடுத்த மாதவிடாய் தொடங்கும் அன்று ஒரு தடவை. ரெட்டிகுலோசைட் 7 முதல் 10ஆவது நாள், அதற்குள் ஏறியிருந்தால் எலும்பு மஜ்ஜை வேலை செய்கிறது. எச்பி 3 முதல் 4 வாரத்தில், குறைந்தது 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும், 2 ஏறினால் திருப்தி. ஃபெரிட்டினைக் கடைசி ஊசிக்குப் பின் 4 வாரத்துக்குள் பார்க்காதீர்கள், பொய்யாக உச்சத்தில் நிற்கும். எச்பி 10 தாண்டி நாடி இறங்கிய பிறகு எக்கோ ஒன்று எடுத்து வையுங்கள். அந்த கிரேடியன்ட்தான் அவருடைய வால்வின் அடிப்படை எண், வாழ்நாள் முழுதும் ஒப்பிட அது வேண்டும்.

ரத்தப்போக்கு குறைந்த பிறகும் எச்பி ஏறவில்லை என்றால் எல்டிஎச்சும் ஸ்மியரும் திரும்ப, கூம்ப்ஸ் டெஸ்ட் (உடம்பே தன் சிவப்பணுவை அழிக்கிறதா என்று), தலசீமியா இருக்கிறதா என்று எச்பிஎல்சி. எல்டிஎச் முன்பைவிட ஏறியிருந்தால் உணவுக்குழாய் வழி எக்கோவுக்கு எழுதி, இந்த 5ஆவது வார எண்களின் நகலையும் சேர்த்து வால்வு வைத்த மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.